தமிழில் கடிதம் வரும் அலுவலகத்துக்கு மெயில் வடிகட்டி அமைப்பது

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் லேத், மில்லிங், கிரைண்டிங் வேலை எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளில் சிலவற்றை நடத்துபவர்கள் கோயம்புத்தூர், சேலம், ஓசூர் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அப்படிப்பட்ட சில நிறுவனங்களுக்கு மெயில் சர்வர் நிறுவிப் பராமரித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அவர்களுக்கு வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்களும் ஆர்டர்களும் ஆங்கிலத்தில் இருக்கும். கோவையிலிருந்து வார்ப்பு அனுப்புகிறவர் தமிழில் கொட்டேஷன் அனுப்புவார். உள்ளூர்ச் சுற்றறிக்கைகள் கன்னடத்தில் வரும். இவற்றோடு கலந்து, கடன் தருகிறோம், வருமான வரி ரீஃபண்ட் காத்திருக்கிறது, உங்கள் பார்சல் நிற்கிறது என்று குப்பையும் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். குப்பையில் ஒன்று இன்பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டால் அதை அழிக்க ஒரு நொடி போதும். விலை கேட்டு வந்த ஒரு கடிதம் கண்ணில் படாமல் போனாலோ, அந்த மாதத்து வேலையே கைவிட்டுப் போகலாம். ஆகவே நான் எழுதும் விதிகள் எல்லாமே, எந்தக் கடிதமும் தடயமில்லாமல் தொலையக் கூடாது என்ற ஒரே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை.

நான் அமைக்கும் முறையில், வெளியிலிருந்து வரும் கடிதத்தை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ். வாங்கும்போதே அதை ஆர்ஸ்பேம்டியிடம் காட்டி, இது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று மதிப்பெண் கேட்டுக்கொள்ளும். தேறிய கடிதத்தை, அவரவர் அஞ்சல் பெட்டியில் வைத்துக் காக்கும் டவ்காட்டிடம் ஒப்படைக்கும். டவ்காட்டோடு சேரும் பிஜன்ஹோல், சீவ் என்ற விதிமொழியில் எழுதிவைத்ததைப் படித்து, கடிதம் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும். இந்த இரண்டு இடங்களையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்வதுதான் பல கோளாறுகளுக்கு மூலம். அடுக்ககத்தின் வாசலிலேயே காவலாளி ஒருவரைத் திருப்பி அனுப்புவது வேறு, உள்ளே விட்டபின் எந்த அறையில் உட்காரவைப்பது என்று வீட்டுக்காரர் முடிவு செய்வது வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் வாசலில் 550 என்ற எண்ணோடு மறுத்தால், அனுப்பிய சர்வருக்கு உடனே தெரியும். நேர்மையாக எழுதியவராக இருந்தால் அவருக்கு அறிவிப்பு போய், அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். கடிதத்தை வாங்கிக்கொண்டு, பிறகு மனம் மாறித் திருப்பி அனுப்பினால், அந்த மறுப்பு குப்பைக் கடிதம் அனுப்பியவன் திருடிப் போட்ட யாரோ ஒருவருடைய முகவரிக்குப் போய்ச் சேரும். அப்படிச் சம்பந்தமில்லாதவர்களுக்கு மறுப்புக் கடிதங்களைப் பொழியும் சர்வர் விரைவில் தடைப்பட்டியல்களில் இடம்பெற்றுவிடும். எனவே வாசலில் மறுக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கி ஏதேனும் ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றை நான் வைத்துக்கொள்வதில்லை.

ஆர்ஸ்பேம்டியின் இயல்பான அமைப்பில் மூன்று எல்லைகள் இருக்கின்றன. மதிப்பெண் 4-ஐத் தொட்டால் கடிதத்தைத் தற்காலிகமாக மறுத்து, சிறிது நேரம் கழித்து வா என்று சொல்லும்; 6-ஐத் தொட்டால் வாங்கிக்கொண்டு, சந்தேகத்துக்குரியது என்று தலைப்பு வரிகளில் குறித்து அனுப்பும்; 15-ஐத் தொட்டால் வாசலிலேயே மறுத்துவிடும். முதல் எல்லையை நான் எடுத்துவிடுகிறேன். ஒழுங்கான சர்வர் மறுபடி முயலும், குப்பை அனுப்பும் நிரல்களில் பல மறுபடி வராது என்ற கணக்கில் அமைந்த நல்ல உத்திதான் அது. ஆனால் சிறு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர் மின்னஞ்சலில் வரும் ஓடிபிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதம் தாமதமாகி வந்து சேரும்போது அந்த ஓடிபி காலாவதியாகியிருக்கும். 6, 15 என்ற மற்ற இரண்டையும் மாற்றுவதில்லை. குப்பை அதிகம் வருகிறது என்று 15-ஐ 10-ஆகக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு; குறைத்தால் மறுக்கப்படுபவற்றில் நல்ல கடிதங்களும் சேர்ந்துகொள்ளும் என்பதால் நான் உடன்படுவதில்லை.

சீவ் மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வடிவமைப்பே எனக்கு மிகவும் பிடித்தது. டிம் ஷோவால்டர் எழுதிய அதன் முதல் வரையறை 2001 ஜனவரியில், இணையத்தின் தரங்கள் வெளிவரும் ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 3028 என்ற எண்ணில் வெளிவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2008-இல் வந்த 5228. அடிப்படை மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுழற்சி கிடையாது. வெளி நிரல் எதையும் அது இயக்காது. சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் தமக்கான விதிகளைத் தாமே எழுதிக்கொள்ளலாம், அதனால் சர்வர் முடங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே அப்படிக் குறுக்கியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஏற்பாடு இன்னொன்று: எந்த விதியும் பொருந்தாவிட்டால் கடிதம் இன்பாக்ஸில் வைக்கப்படும், விதிகளை இயக்கும் நடுவில் பிழை ஏற்பட்டாலும் இன்பாக்ஸில்தான் வைக்கப்படும். சந்தேகம் வந்தால் கடிதத்தைக் காப்பாற்று என்பது மொழிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பாதுகாப்பை மீறி, சத்தமில்லாமல் கடிதத்தை ஒழிக்கும் கட்டளை ஒன்றும் அதில் உண்டு. அதன் பெயர் டிஸ்கார்ட். என் பராமரிப்பில் இருக்கும் எந்தச் சர்வரிலும் பொது விதிகளில் அந்தக் கட்டளை இடம்பெறுவதில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம், நான் பொறுப்பேற்கும் முன்பே ஒரு நிறுவனத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்த விதி. ஒரு நாள் அங்கே கணக்கையும் தரக்கட்டுப்பாட்டுக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கோயமுத்தூர்க்காரங்க டெஸ்ட் ரிப்போர்ட்ட மூணு தடவ அனுப்பிட்டோம்ங்கறாங்க. எனக்கு ஒண்ணு கூட வரலயே. ஜங்க்லயும் தேடிட்டேன்." போஸ்ட்ஃபிக்ஸின் பதிவைப் பார்த்தேன், கடிதம் வந்ததும் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டதும் பதிவாகியிருந்தன. அனுப்பியவருடைய சர்வருக்கு வாங்கிக்கொண்டோம் என்ற பதிலும் போயிருந்தது. டவ்காட்டின் பதிவில் மட்டும், வேறெங்கும் சேர்க்கப்படாவிட்டால் ஒழிக்கப்படும் என்று குறித்துவைத்ததாக ஒரு வரி இருந்தது. சீவ் கோப்பைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று தமிழில் வந்த மோசடிக் கடிதங்களைத் தடுக்க, சப்ஜெக்ட் வரியில் "பரிச" என்ற எழுத்துத் தொடர் இருந்தால் ஒழித்துவிடு என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

எழுதியவருக்கு வந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. "பரிசு" என்று முழுச்சொல்லைக் கொடுத்தால் "பரிசுக்கு" பொருந்தும். ஆனால் "பரிசை", "பரிசாக" இரண்டும் பொருந்தா. உயிரெழுத்தில் தொடங்கும் உருபு சேரும்போது கடைசி உகரம் போய்விடுகிறது. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் கொடுத்திருக்கிறார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையில் ச என்ற உயிர்மெய்க் குறி ஒன்றும், அதன்மேல் ஏறும் ஓகாரக் குறி ஒன்றும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே "பரிசோதனை" என்ற சொல்லுக்குள் "பரிச" என்ற தொடர் அப்படியே முழுமையாக இருக்கிறது. படிக்கும் கண்ணுக்குச் சோ என்பது ஒரே எழுத்து. ஒப்பிடும் நிரலுக்கு அது இரண்டு. பரிசோதனை அறிக்கை என்ற தலைப்போடு வந்த ஒவ்வொரு கடிதமும் அந்த விதியில் விழுந்து மறைந்துபோயிருந்தது. ஆங்கிலச் சொற்களை வைத்து எழுதிய வடிகட்டி உத்திகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழ் எழுத்துகளை வைத்து விதி எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு செய்திகளும் உண்டு. முதலாவது, சப்ஜெக்ட் வரியில் நாம் அடிக்கும் தமிழ், வழியில் பெரும்பாலும் தமிழாகப் பயணிப்பதில்லை. மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டும் வகுக்கப்பட்டவை. மற்ற மொழிகளுக்காக 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047, அந்த எழுத்துகளை வேறு குறியீடாக மாற்றி அனுப்பும் முறையைச் சொன்னது. அப்படி மாற்றிய ஒவ்வொரு துண்டும் 75 குறிகளுக்குள் அடங்க வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் பிடிக்கும். பேஸ்64 முறையில் மாற்றினால், துண்டின் முன்பின் அடையாளங்கள் போக எஞ்சும் இடத்தில் 45 பைட்தான் கொள்ளும், அதாவது 15 தமிழ்க் குறியீடுகள். "பரிசோதனை அறிக்கை" என்ற இரண்டு சொற்களுக்குத் தேவைப்படுவது 15 குறியீடுகளும் நடுவில் ஓர் இடைவெளியும், ஆக 46 பைட். ஒரே ஒரு பைட் மிகுந்து, அந்தச் சிறிய தலைப்பே இரண்டு துண்டாகிவிடுகிறது. போதாதற்கு, இடைவெளி 1 பைட் மட்டுமே என்பதால், அதற்குப் பிறகு வரும் சொல்லை பேஸ்64 மூன்று மூன்று பைட்டாகப் பிரிக்கும் ஒழுங்கு நகர்ந்துபோய், அதே சொல் வேறொரு குறித்தொடராகத் தெரியும். போஸ்ட்ஃபிக்ஸில் தலைப்பு வரிகளைச் சோதிக்க இருக்கும் வசதி, இந்தக் குறியீட்டைப் பிரித்துப் படிக்காமல் வந்தபடியே ஒப்பிடுகிறது. அங்கே தமிழ்ச் சொல்லை எழுதி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. சீவ் குறியீட்டைப் பிரித்த பிறகே ஒப்பிடும்; ஆகவே தமிழை வைத்து ஏதேனும் விதி எழுதியே ஆக வேண்டுமென்றால் அது சீவில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் சொல் உள்ளே இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். கொட்டேஷன் என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடுகளாகச் சேர்க்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரம் சொல்கிறது. திரையிலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் சீவின் வழக்கமான ஒப்பீடு பைட்டுகளை மட்டுமே பார்க்கும். எனவே கொட்டேஷன் வந்தால் முதலாளியின் தனி ஃபோல்டருக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதினால், ஒருவர் அனுப்பியது போய்ச் சேரும், இன்னொருவர் அனுப்பியது சேராது. ஏன் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தச் சொல்லுக்கும் இது பொருந்தும். அத்தகைய சொல்லை விதியில் வைக்க நேர்ந்தால் இரண்டு வடிவங்களையும் எழுதிவைப்பதே வழி.

இதைவிடப் பெரிய தீங்கு, மொழியையே குற்றமாகக் கருதும் விதி. ஆர்ஸ்பேம்டியைப் போலவே மதிப்பெண் போடும் ஸ்பேம்அசாசின் என்ற இன்னொரு வடிகட்டியில், எந்தெந்த மொழிகளில் கடிதம் வருவதை எதிர்பார்க்கிறோம் என்று பட்டியல் கொடுக்கும் வசதி இருக்கிறது. கொடுக்காத மொழியில் வந்தால் மதிப்பெண் கூடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக்கொள்ளும் ஓர் அலுவலகத்துக்காக யாரோ எழுதிய அமைப்பை இங்கே அப்படியே எடுத்து ஒட்டினால், தமிழில் எழுதுகிறவர்கள் அதன் 5 மதிப்பெண் என்ற எல்லையை நோக்கிப் பாதி தூரம் தள்ளப்பட்ட நிலையிலேயே வந்து நிற்பார்கள். தமிழர் நடத்தும் ஒரு நிறுவனத்தின் சர்வர், தமிழில் வந்த ஒரே காரணத்துக்காக ஒரு கடிதத்தைச் சந்தேகப்படுவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. அந்தப் பட்டியலை நான் தொடுவதே இல்லை. தொடாவிட்டால் எல்லா மொழிகளும் ஏற்கப்படும்.

சொல்லை நம்பாவிட்டால் எதை நம்பி விதி எழுதுவது? அனுப்பியவர் யார் என்பதற்கு இருக்கும் சான்றைத்தான். எஸ்பிஎஃப், எந்த சர்வர்கள் ஒரு டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது; டிகிம், கடிதத்தின் மேல் மின்னணு முத்திரை இடுகிறது; டிமார்க், இவை கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. இந்தச் சோதனைகளின் முடிவை நம் சர்வர் ஒரு தலைப்பு வரியாகக் கடிதத்தில் எழுதிவைக்கும். வாடிக்கையாளரின் டொமைனிலிருந்து வந்தால் நேராக இன்பாக்ஸுக்கு அனுப்பு என்று மட்டும் எழுதினால், அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டுக்கொண்டு வருகிறவனும் நேராக இன்பாக்ஸுக்கு வந்துவிடுவான். அதே விதியில், அந்த டொமைனே இட்ட டிகிம் முத்திரை செல்லும் என்று நம் சர்வரே எழுதிய வரியும் இருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டால் அந்த ஓட்டை அடைபடும். வெளியிலிருந்து வரும் கடிதத்திலேயே அப்படி ஒரு வரியைப் பொய்யாக எழுதி அனுப்பலாம் என்பதால், நம் சர்வரின் பெயரில் ஏற்கெனவே இருக்கும் வரிகளை வாசலிலேயே நீக்கிவிடும்படி அமைப்பது அவசியம்.

இந்தச் சான்றுகளுக்கு அகப்படாத மோசடி ஒன்று உண்டு. பட்டறைகளுக்கு அதுதான் மெய்யான ஆபத்து. நம் சப்ளையரின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அவருடைய டொமைனில் எம் என்ற ஆங்கில எழுத்து வரும் இடத்தில் ஆர், என் என்று இரண்டு எழுத்தைப் போட்டுப் புது டொமைன் பதிவு செய்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள் என்று எழுதுவார்கள். அந்த டொமைன் அவர்களுக்கே சொந்தம் என்பதால் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும். இதற்காக ஒரு தனி விதி வைத்திருக்கிறேன்: அனுப்புநராகத் தெரியும் பெயர் நம் முதலாளியுடையதாகவோ முக்கியமான சப்ளையர்களில் ஒருவருடையதாகவோ இருந்து, முகவரியின் டொமைன் நாம் எழுதிவைத்திருக்கும் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தக் கடிதம் "சரிபார்க்க" என்ற ஃபோல்டருக்குப் போகும். சப்ளையர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதினாலும் அங்கேதான் போகும், பரவாயில்லை. அந்த ஃபோல்டரில் இருக்கும் எதற்கும் பணம் அனுப்பும் முன், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து கேட்டுக்கொள்வது என்று அலுவலகத்தில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இவ்வளவு வேலையில் ஒரே ஒரு விதியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

விதிகளின் வரிசை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தச் சரிபார்க்கும் விதி முதலில். சான்றோடு வரும் தெரிந்தவர்கள் அடுத்து. ஆர்ஸ்பேம்டி குறித்து அனுப்பியவை அதற்குப் பிறகு ஜங்க் ஃபோல்டருக்கு. கடைசியாக, குழு அஞ்சல்களை அவற்றின் அடையாள வரியைப் பார்த்து அதனதன் ஃபோல்டருக்கு. ஒன்று பொருந்தியவுடன் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே கடிதம் இரண்டு ஃபோல்டர்களில் கிடக்கும்.

கற்றுக்கொள்ளும் பகுதிக்குப் பொறுமை வேண்டும். எந்தச் சொற்கள் குப்பையில் அதிகம் வருகின்றன என்று கணக்கிட்டுக் கற்றுக்கொள்ளும் ஆர்ஸ்பேம்டியின் பேயஸ் வடிகட்டி, குப்பையில் 200, நல்லவற்றில் 200 என்று காட்டிக்கொடுத்த பிறகே தன் கருத்தைச் சொல்லத் தொடங்கும். ஜங்க் ஃபோல்டருக்குள் ஒரு கடிதத்தை இழுத்துப் போட்டால் குப்பை என்றும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்றும் தானாகவே கற்பிக்கும்படி டவ்காட்டில் அமைக்கலாம். ஆனால் குப்பையைத் தள்ளுவதில் காட்டும் ஆர்வத்தை நல்லதை மீட்பதில் யாரும் காட்டுவதில்லை. தமிழில் வரும் குப்பை மட்டும் கற்பிக்கப்பட்டு, தமிழில் வரும் கொட்டேஷன்கள் கற்பிக்கப்படாமல் போனால், தமிழ்ச் சொற்கள் எல்லாமே குப்பையின் அடையாளம் என்று அந்த வடிகட்டி முடிவு கட்டிவிடும். அதனால் தொடக்கத்திலேயே, அலுவலகத்தாரின் சம்மதத்தோடு, பழைய தமிழ்க் கடிதங்களையும் கன்னடக் கடிதங்களையும் நல்லவை என்று மொத்தமாகக் கற்பித்துவிடுகிறேன்.

எல்லாக் கடிதத்தையும் என் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுங்கள் தம்பி என்று கேட்காத முதலாளி இல்லை. அப்படித் திருப்பினால், அனுப்பியவருடைய எஸ்பிஎஃப் பட்டியலில் நம் சர்வர் இல்லாததால் அந்தச் சோதனை தோற்கும். வந்த குப்பையையும் நாமே அனுப்பியது போலாகி, நம் சர்வரின் பெயர் கெடும். பிறகு நாம் எழுதும் ஒழுங்கான கடிதங்களும் வாடிக்கையாளரின் ஜங்க் ஃபோல்டரில் விழும். சர்வரில் இருக்கும் கடிதங்களை அங்கிருந்தபடியே படிக்கவைக்கும் ஐமேப் கணக்கைப் போனில் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

புதிய விதி எதையும் நேராக இயங்கும் சர்வரில் சேர்ப்பதில்லை. பிஜன்ஹோலுடன் வரும் சீவ்-டெஸ்ட் என்ற கருவி, ஒரு விதிக் கோப்பையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, இதை என்ன செய்திருப்பேன் என்று செய்யாமலேயே சொல்லும். அதற்கென்று பழைய கடிதங்களில் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறேன்: இரண்டாகப் பிரித்து எழுதிய ஒகரத்தோடு ஒரு கொட்டேஷன், கன்னடச் சுற்றறிக்கை ஒன்று, வங்கி ஓடிபி, இணைப்பில் பெரிய வரைபடத்தோடு ஓர் ஆர்டர், காணாமல் போன அந்தப் பரிசோதனை அறிக்கையின் நகல். இவற்றில் ஒன்றாவது தவறான இடத்துக்குப் போனால் அந்த விதி சேராது.

ஜங்க் ஃபோல்டரில் இருப்பவற்றை 30 நாளில் தானாக அழிப்பது பலரும் வைக்கும் கணக்கு. நான் 60 என்று வைக்கிறேன். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்குக் கடைசித் தேதி அடுத்த மாதம் 20. 1-ஆம் தேதி வந்து ஜங்க்கில் விழுந்த ஓர் இன்வாய்ஸை, தாக்கல் செய்யும் நாளில் அக்கா தேடினால், அதற்குள் 30 நாள் எப்போதோ கடந்திருக்கும்.